மடியில் உட்காரும் நேரம்

எனக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் நான் "பிழைப்பேனா?" என்று கேட்கவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் மூத்திரம் நிக்குமா டாக்டர்?" என்றுதான் கேட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உயிர் போகுமா இருக்குமா என்று தெரியாத நேரத்தில் இந்த மனுஷனுக்கு வேட்டி நனைகிற கவலையா என்று நினைத்திருப்பாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கல்யாணம் இருந்தது.

எங்கள் ஒரே பெண்ணுக்கு அப்போதுதான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. தை மாதம் முகூர்த்தம். தாம்பரத்தில் மண்டபமும் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, அவருக்கு லீவு கிடைத்த நாளை நகர்த்த முடியாது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டும்போது பெண் மணையில் உட்காருவதில்லை, அப்பாவின் மடியில் உட்காருவாள். கூறைப்புடவை கட்டிக்கொண்டு அவள் என் மடியில் இருக்க, மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுவார். மண்டபமே எழுந்து நின்று பார்க்கும். டாக்டர் வாயைத் திறந்ததும் எனக்கு அந்த மடிதான் ஞாபகம் வந்தது.

டாக்டர் பொறுமைசாலி. ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூத்திரப்பைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவில் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி, புற்று அதில்தான். அதன் நடுவில் துளை போட்டுக்கொண்டு போகிறது மூத்திரக் குழாய். சுரப்பியை எடுத்துவிட்டுக் குழாயை மறுபடி பையோடு சேர்த்துத் தைக்க வேண்டும்.

"மூத்திரத்தைப் பிடிச்சு நிறுத்த உங்களுக்கு ரெண்டு வால்வு இருக்கு சார். மேல இருக்கறது சுரப்பியோடயே போயிடும். கீழ இருக்கறதைப் பத்திரமா விட்டு வைக்கணும். பக்கத்துல போற நரம்பையும் முடிஞ்சவரை காப்பாத்துவோம்."

"முடிஞ்சவரைன்னா?"

"கட்டி எதுவரை போயிருக்குங்கறதைப் பொறுத்தது. பெரும்பாலானவங்களுக்கு சில மாசத்துல சரியாயிடும். சில பேருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். கொஞ்சம் பேருக்கு முழுசா சரியாகாது."

அப்போது ஆடி மாதம். மேஜைக்கு அடியில் விரல் விட்டு தை வரை எண்ணிப் பார்த்தேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் செய்துகொள்கிறேனே என்று இழுத்தேன். அப்படித் தள்ளிப்போடக்கூடிய ரகம் உண்டு, உங்களுடையது அந்த ரகம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். வெளியே வந்து குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, வந்த பஸ்ஸில் ஏறாமல் விட்டேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டியின் கடைசியில் சின்ன அறையில் நின்று, எல்லோரும் ஏறியாயிற்றா என்று பார்த்து மணி கொடுக்கிற ஆள். பீச் ஸ்டேஷனில் ஏறினால் செங்கல்பட்டு வரை அந்த அறைதான். அதில் கழிப்பறை கிடையாது. நடுவில் இறங்கி ஓடவும் முடியாது, கார்டு மணி கொடுக்காமல் வண்டி நகராது. அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டியூட்டிக்கு முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டோம். சித்திரை வெயிலிலும் வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. திரிசூலத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் வயிறு முட்ட ஒருமுறை சிக்னலில் மாட்டிக்கொண்டால் தானாகவே வந்துவிடும். மற்ற கார்டுகள் என்னை ஒட்டகம் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமையோடுதான் ஆபரேஷனுக்கு முன்னால் பிசியோதெரபி அறைக்குள் போனேன். என் பெண் வயசுதான் இருக்கும் அங்கே பயிற்சி தருகிற பெண்ணுக்கு. கீழ் வால்வுத் தசையை இப்போதிருந்தே பழக்கினால் பின்னால் சீக்கிரம் பிடிக்கும் என்றாள். எனக்கா பழக்கணும், நான் முப்பது வருஷமாக அடக்கியவன் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, செய்து காட்டினேன். வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, தொடையை இறுக்கி.

"சார், சார், விடுங்க. நீங்க இறுக்கல. கீழ தள்றீங்க."

"இல்லம்மா, நான் நன்னா இறுக்கறேன்."

"வயிறும் தொடையும்தான் இறுகுது. அது உதவாது. காத்து போகாம அடக்குவீங்கல்ல, அந்த இடம். ஜில்லுனு தண்ணி பட்டா உள்ள இழுத்துக்கும்ல, அது மாதிரி. மூச்சு சாதாரணமா போய்ட்டு வரணும்."

காது மடல் சுட்டது எனக்கு. ஒரு சின்னப் பெண் சொல்ல, அறுபதைத் தாண்டிய நான் பெஞ்சில் படுத்துக்கொண்டு எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கோ உள்ளே, விளக்குத் திரி அளவுக்கு ஒன்று லேசாக அசைந்தது. "அதான் சார்" என்றாள். இவ்வளவு சின்னதா? மேல் வால்வு போன பிறகு இந்தத் துணுக்குத்தான் எனக்கு மிச்சமா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஆவணியில் ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின. வேலை பார்த்த காலமெல்லாம் ஸ்டேஷன் விளக்குகள் பின்னால் ஓடுவதைப் பார்த்தவன்தான். ஆனால் அப்போதெல்லாம் நான் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் முகமூடியோடு குனிந்தார். "கீழ் வால்வு டாக்டர்" என்றேன். "ஞாபகம் இருக்கு சார்" என்றார். அதற்கப்புறம் எதுவும் தெரியாது.

கண் திறந்தபோது சொன்னார்கள். கட்டியை முழுதாக எடுத்தாயிற்று. ஒரு பக்கத்து நரம்பை விட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கட்டி ஒட்டியிருந்ததால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. என் மனைவி கும்பிட்டாள், அழுதாள், பெண்ணுக்குப் போன் போட்டாள். நான் பாதி நரம்பு, பாதி வால்வு என்று கணக்குப் போட்டபடி படுத்திருந்தேன். உயிர் மிஞ்சியதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது குழாயும் பையும் கூடவே வந்தன. உள்ளே தையல் ஆறும்வரை குழாய் இருக்க வேண்டும். மூத்திரம் சேரும் அந்தப் பையை யார் கண்ணிலும் படாமல் வைக்க, யாரோ கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் தாம்பூலப் பை ஒன்றை மனைவி எடுத்துத் தந்தாள். அதற்குள் வைத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் மெதுவாக நடப்பேன். எதிர் வீட்டுக்காரர் "என்ன சார், கடைக்கா?" என்பார். "ஆமாம் சார், கறிவேப்பிலை" என்பேன். தினமும் கறிவேப்பிலை வாங்கப் போன ஒரே ஆள் நான்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாயை எடுத்த நாள்தான் எனக்கு உண்மையான பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. கட்டிலிலிருந்து எழுந்து நின்றேன். நின்றதும் காலோடு சூடாக இறங்கியது. இறுக்கினேன். எதை இறுக்குகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, உடம்பில் அந்த இடமே இல்லாத மாதிரி இருந்தது. செருப்பு நனைந்து, தரை நனைந்து, நர்ஸ் துணி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மொதல்ல எல்லாருக்கும் இப்டித்தான் சார். பேட் வெச்சுக்கோங்க, தசைப் பயிற்சிய விடாதீங்க" என்றாள் நர்ஸ்.

நான் அவள் முன்னால் அழுதுவிட்டேன். அம்மா இறந்தபோதுகூட ஆட்கள் முன்னால் அழாதவன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ரகசிய நிர்வாகம் நடந்தது. பேட் வாங்க மனைவி பக்கத்து மெடிக்கலுக்குப் போகாமல் தாம்பரம் வரை போவாள். அந்தக் கடைக்காரர் மாமியாருக்கு என்று நினைத்துக்கொண்டு, "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று விசாரிப்பார். இவளும், "அப்படியேதான் இருக்கா" என்று சொல்லிவிட்டு வருவாள். பெண்ணுக்கு ஆபரேஷன் தெரியும், இது தெரியாது. தெரியவிடவில்லை. அவள் ஆபீஸ் கிளம்பிய பிறகுதான் வேட்டியைத் துவைத்து, மாடியில் தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் காயப்போடுவேன். சம்பந்தி வீட்டுக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தோம்.

இருமினால் கசிந்தது. தும்மினால் கசிந்தது. சிரித்தாலும் கசிந்தது, அதனால் சிரிப்பை விட்டேன். நாற்காலியிலிருந்து எழும்போது கசிந்தது. மடியில் ஒரு பெண் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அடிவயிற்றின் மேல் அவள் பாரம் அத்தனையும் இறங்கும். கூறைப்புடவை நனையும். எழுந்து நிற்கும்போது பின்னால் ஈரம் தெரியும். அதை மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள், வீடியோக்காரன் பார்ப்பான். அவள் காலம் முழுக்க அந்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பாள். உட்கார்ந்தால், நின்றால், கண்ணை மூடினால் இதே காட்சிதான்.

அப்போதுதான் ஒட்டகத்துக்குத் தன் பழைய வித்தை ஞாபகம் வந்தது. தண்ணீர் குடித்தால்தானே வரும்? காலையில் அரை டம்ளர் காபி, சாப்பிடும்போது தொண்டை நனைய ஒரு வாய், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. மனைவி வைக்கிற சொம்புத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றினேன். முதல் சில நாள் பேட் அவ்வளவாக நனையவில்லை. ஆஹா, ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. அந்தச் சின்னத் தசையை இறுக்கி இறுக்கிச் சலித்துப்போயிருந்த எனக்கு இது சுலபமாகப் பட்டது. பயிற்சியை விட்டேன். செடி மட்டும் செழித்தது.

பிறகு எரிய ஆரம்பித்தது. வருவது கொஞ்சம்தான், ஆனால் முதல் டிகாக்ஷன் நிறத்தில், நெருப்பாக வந்தது. எழுந்து போவதற்குள் முட்டித் தள்ளிக்கொண்டு கொட்டியது. ஒரு சாயங்காலம் உடம்பு தூக்கிப்போடுகிற குளிர் வந்தது. மூன்று போர்வை போர்த்தியும் பல் தந்தியடித்தது. ஆட்டோவில் ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஊர்ந்து போகும்போது, தையல் விட்டுவிட்டது, எல்லாம் பிய்ந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் நிற்காது என்றே தீர்மானித்துவிட்டேன். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தையல் விடவில்லை. தொற்று. ஊசியும் மருந்தும் போட்டுக் காய்ச்சல் இறங்கிய பிறகு அந்த பிசியோதெரபிப் பெண் வந்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி சார் குடிக்கறீங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். துளசிச் செடி எப்படி அவ்வளவு செழித்தது என்று அவளுக்கு அந்த நிமிஷம் புரிந்திருக்க வேண்டும்.

"கார்டு வேலைம்மா. டியூட்டில தண்ணி குடிக்க மாட்டோம். அந்தப் பழக்கத்துல..."

"ஐயோ சார். மூத்திரம் கெட்டியானா பைக்கு எரியும். எரிஞ்சா, சொட்டு சேந்தாலும் வெளிய தள்ளும். தொற்றும் வரும். அதோட, ஒண்ணுமே வராட்டி அந்தத் தசை எதைப் பிடிச்சுப் பழகும்?"

இத்தனை வருஷமும் நான் அடக்கவே இல்லை, நிரப்பாமல் இருந்திருக்கிறேன். அவ்வளவுதான் என் ஒட்டகப் பெருமை. இப்போது கையில் இருந்த நாட்களையும் அதிலேயே தொலைத்திருந்தேன்.

மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். தண்ணீர் குடிப்பதே ஒரு பயமாகிவிட்டது எனக்கு. டம்ளரைப் பார்த்தாலே தொடை கூசும். மனைவி எதிரில் உட்கார்ந்து காவல் காப்பாள். "முழுங்குங்கோ. வாயில வெச்சுண்டு இருக்காதேங்கோ" என்பாள். குடித்துவிட்டு என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தசையைத் தேடிப்போவேன். இறுக்கு, விடு. மூச்சை விடு. உட்கார்ந்து, நின்று, எழும்போது, இருமுவதற்கு முன்னால். கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியபோது எனக்கு ஈரம் குறைய ஆரம்பித்தது. ஆனால் நின்றுவிடவில்லை. பாரம் தூக்கினால் கசியும்.

பக்கத்து அறையில் பெண்ணும் அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். முதுகைச் சுவரில் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நின்றாள். முகம் சிவந்து வேர்த்திருந்தது. "கல்யாணத்துக்கு இளைக்கறாளாம்" என்று மனைவி கிண்டலடித்தாள்.

மார்கழியில் மனைவிதான் பேச்சை எடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல் காய் நறுக்கிக்கொண்டே.

"ஏன்னா, உங்க தம்பியும் அவர் ஆத்துக்காரியும் தாரை வார்த்துக் கொடுக்கட்டுமே. உடம்பு சரியில்லேன்னா யார் என்ன சொல்லப்போறா?"

எனக்குக் கோபம் வந்தது. தம்பி மேலில்லை, அவள் மேலுமில்லை. அவள் சொன்னது நியாயம் என்பதால் வந்த கோபம். "சரி, தம்பிகிட்ட பேசறேன்" என்றேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பெண் உள்ளே வந்தாள்.

"சித்தப்பா மடியிலெல்லாம் நான் உக்கார மாட்டேன்" என்றாள். "நீ உக்காராட்டி நான் தரைல உக்காந்துக்கறேன்ப்பா."

அதற்கு மேல் பேசவில்லை, அறைக்குள் போய்விட்டாள். எவ்வளவு கேட்டாள், எவ்வளவு தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பிக்கு நான் போன் செய்யவில்லை.

முகூர்த்த நாள் காலை, பஞ்சகச்சம் கட்டுவதற்கு முன்னால் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். தாலி கட்டும்வரை நான் சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கலாம். என் உடம்பிலுள்ள கார்டு முழுவதும் வேண்டாம், வேண்டாம் என்று கத்தினான். வண்டி கிளம்பப்போகிறது, நடுவில் இறங்க முடியாது. சொம்பு விளிம்பு பல்லில் இடித்தது. குடித்தேன். பாத்ரூம் போய்வந்தேன். உள்ளே பேட்டை வைத்து, அதன் மேல் கச்சத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மேடையில் எனக்காக ஒரு குட்டை ஸ்டூலில் ஜமக்காளத்தை மடித்துப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். சாஸ்திரிகள் மந்திரத்தை வேகப்படுத்தினார். கூறைப்புடவை சரசரக்க, அத்தைகள் இருவர் கையைப் பிடித்து அழைத்துவர, பெண் வந்தாள். கையில் அட்சதையோடு மண்டபம் எழுந்து நின்றது. பகவானே, இந்த ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டு, மூச்சை விட்டு, அந்த இடத்தைத் தேடி இறுக்கினேன்.

அவள் உட்கார்ந்தாள். பாரத்துக்காகக் காத்திருந்தேன்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை குனிந்தார். "சார், ஒரு நிமிஷம். மாப்ள சார், அப்டியே இருங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று போட்டோக்காரன் எல்லோரையும் நிறுத்தினான். அவனை அங்கேயே கொன்றிருப்பேன். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். மற்ற முடிச்சுகளை அவர் தங்கை போட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மாலையும் ஜடையும் குறுக்கே வந்தன, மஞ்சள் சரடு வழுக்கியது. இவ்வளவு நேரமாகியும் என் அடிவயிற்றில் ஒன்றும் இறங்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. புடவைதான் என் மடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். மருதாணி இட்ட பாதங்கள் இரண்டும் தரையில் அழுந்தியிருந்தன. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. புடவைக் கட்டுக்குள் அவள் கால்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவள் என் மடியில் உட்காரவே இல்லை. காற்றில் உட்கார்ந்திருந்தாள்.

சுவரில் சாய்ந்து அவள் வேர்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. தொட்டிக்குப் பின்னால் காய்ந்த வேட்டிகள், தாம்பரம் வரை போய் வாங்கிய பொட்டலங்கள், கறிவேப்பிலை, எல்லாமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை மாதமாக என்று தெரியவில்லை.

"நன்னா உக்காரும்மா" என்றேன் அவள் காதருகில்.

"பரவால்லப்பா. நீ பயப்படாதே." குரலும் நடுங்கியது அவளுக்கு.

"பயமாத்தான் இருக்கு. நீ உக்காரு."

இடுப்பில் கை வைத்து என் பக்கம் இழுத்தேன். ஒரு கணம் தயங்கினாள். பிறகு குதிகாலைத் தளர்த்திவிட்டு, முழுப் பாரத்தையும் இறக்கிவிட்டாள். கனமாக இருந்தாள். உள்ளே அந்தச் சின்னத் தசை பிடித்துப் பார்த்தது, நழுவியது, மறுபடி பிடித்தது. கொஞ்சம் கசிந்தது, பொய் சொல்ல மாட்டேன். பேட் வாங்கிக்கொண்டது. நாத்தனார் தடுமாறி மூன்றாவது முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை, நானும் அவளை விடவில்லை.